இரவல் திருக்கை

1

கோலாலம்பூர் விமான நிலையத்தில் என் கணவரை அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குடிநுழைவு கவுன்டரில் இருந்த பெண் கடவுச்சீட்டைப் பார்த்து, "மிஸ்டர் காத்தவராயன்?" என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். குமரவேல் "யெஸ்" என்றார். இருபது வருடப் பழக்கம்.

தமிழ்நாட்டில் இருந்தவரை அவர் கா. குமரவேல். பெங்களூருக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு படிவம் அவரிடம் குடும்பப் பெயர் கேட்டது. அப்படி ஒன்று நம்மிடம் இல்லை என்று சொல்ல அந்தப் படிவத்தில் இடம் இல்லை. பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அப்பாவின் பெயரை நிரப்பினார். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவர் காத்தவராயன். அது நீளம் என்பதால் காத்தா. ஒருமுறை அவருடைய கைபேசி கிடைக்காமல் அலுவலக எண்ணுக்கு அழைத்தேன். "குமரவேல் என்று இங்கே யாரும் இல்லை, மேடம்" என்று ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

என் மாமனார் தரங்கம்பாடிப் பக்கத்து மீனவக் குப்பத்துக் கடல்காரர். வாழ்நாளில் ஒரே முறை பெங்களூருக்கு வந்து நான்கு நாள் இருந்தார். மகன் வேலைக்குக் கிளம்பும்போது கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை இழுத்துப் பார்த்தார். அதில் ஆங்கிலத்தில் இருந்ததை ஐந்து வயதுப் பேத்தி படித்துச் சொன்னாள்.

"ஏன்டா, உன் பேரு என்ன ஆச்சு? என் பேர மாட்டிக்கிட்டுத் திரியுற?"

"இங்க அப்படித்தாம்ப்பா."

"அப்ப காத்தவராயன் ஏசி ரூம்புல வேலை பாக்குறான்னு ஊருல போய்ச் சொல்லவா?"

அடுத்த ஆண்டு அவர் காலமானார். அவருடைய பெயர் இன்னும் தினமும் வேலைக்குப் போய்வருகிறது. இந்த முறை கடல் தாண்டியும் போனது.

கோலாலம்பூரில் எங்களைத் தாமதப்படுத்தியது அந்தப் பெயர் அல்ல, என் குழம்புத் தூள். சுங்க அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். இரண்டு முறை தும்மினார். மூன்றாவது தும்மல் வருமா என்று நானும் குமரவேலும் மகளும் காத்திருந்தோம். வரவில்லை. போகச் சொல்லிக் கைகாட்டினார். அங்கிருந்து இன்னொரு விமானம். ஒரு மணி நேரத்தில் லங்காவித் தீவு.

2

பெங்களூரு என்ன வெளிநாடா, ஓசூரைத் தாண்டினால் வந்துவிடுகிறதே என்று ஊரில் கேட்பார்கள். அது உண்மைதான். ஆனேக்கல்லில் பேருந்து ஏறினால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு. ஆனாலும் கன்னடத்தில் இருந்த மின்கட்டண ரசீதை முதன்முதலில் எனக்குப் படித்துக் காட்டியவர் மாடிப்படிக்குக் கீழே இஸ்திரி போடுகிறவர்தான். அப்போது நான் ஆறு ஆண்டு புதுச்சேரியில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்துவிட்டு வந்தவள். பிறர் எழுத்தில் பிழை திருத்திச் சம்பளம் வாங்கிய ஒருத்திக்குத் தன் வீட்டு மின்கட்டணத்தைப் படிக்கத் தெரியவில்லை. வேற்றூர் என்பதற்கு எனக்கு இந்த விளக்கம் போதும்.

ஜோகுபாளையத்தில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்கார அம்மாவின் குடும்பம் நான்கு தலைமுறையாக அங்கே இருக்கிறது. எங்களுக்கு இருபது ஆண்டு ஆகியும், "நீங்கல்லாம் ஊர்லருந்து வந்தவங்க, நாங்க இங்கத்தவங்க" என்பார். அதில் பகை இல்லை. குமரவேல் மீன் வாங்கி வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கீழிருந்து குரல் கொடுப்பார்: "இன்னாமா, இன்னைக்கு இன்னா மீனு? உன் வூட்டுக்காரரு வாங்கியாந்தா நம்பித் துன்னலாம்." அவருக்கும் சேர்த்துத்தான் வாங்கி வருவார்.

மீன் வாங்குவதில் குமரவேலை யாரும் ஏமாற்ற முடியாது. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை ஒரு விரலால் அழுத்துவார், ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்று கடைக்காரரிடமே சொல்வார். அதனால் எங்கள் தெருவில் அவர் மீனவர். எங்கள் மகள் யாழினிக்கோ அதற்கும் மேல். கடலை ஆண்ட ஆள்.

அந்தப் புகழுக்குக் காரணம் ஒரு திருக்கை மீன். யாழினிக்கு ஐந்து வயதில் சோறு இறங்காது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கதை வேண்டும். ஒருநாள் குமரவேல் அந்தக் கதையைச் சொன்னார். வள்ளத்திலிருந்து போட்ட பெரிய தூண்டிலில் கதவகலத் திருக்கை ஒன்று மாட்டுகிறது. வள்ளத்தையே கிழக்கே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கயிற்றை விட்டால் தூண்டில் மொத்தமும் போய்விடும். விடாமல் பிடித்ததில் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடுகிறது. "யாருப்பா பிடிச்சா?" என்று குழந்தை கேட்டது. "நான்தான்" என்றார். இடது உள்ளங்கையில் இருந்த மெல்லிய தழும்பைக் காட்டினார். அவள் அதற்கு முத்தம் கொடுத்தாள். சோறும் இறங்கியது.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, குமரவேலின் அண்ணன் சக்திவேல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே திருக்கை, அதே கிழக்கு, அதே கயிறு. கயிற்றைப் பிடித்த ஆள் மட்டும் வேறு. ஒரு செய்திக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால் யாரிடம் ஆதாரம் இருக்கிறது என்று பார்க்கத்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள். பார்த்தேன். சக்திவேல் மச்சானின் இடது உள்ளங்கையில் கட்டைவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல் வரை கயிறு போலவே ஒரு தடித்த தழும்பு.

அப்போதுதான் யாழினி வாசலுக்கு வந்தாள். "பெரியப்பா, அது எங்கப்பா பிடிச்ச திருக்கை" என்றாள்.

மச்சான் தம்பியைப் பார்த்தார். குமரவேல் செருப்பைப் பார்த்தார். மச்சான் இடது கையை மூடிக்கொண்டு சொன்னார்: "ஆமா கண்ணு. உங்கப்பன்தான் புடிச்சான். நான் பின்னால சும்மா குந்தியிருந்தேன்."

அதற்குப் பிறகு யாழினி இருக்கும் இடத்தில் அவர் அந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் வற்புறுத்தினால், "உங்கப்பன கேளு, அவன்தான நேர்ல பாத்தவன்" என்பார். சொல்லும்போது அந்தக் கை மூடியிருக்கும். பன்னிரண்டு ஆண்டு.

3

உண்மையில் குமரவேல் ஒரே ஒரு நாள்தான் கடலுக்குப் போனார். பதின்மூன்று வயது. அப்பா, பதினேழு வயது அண்ணன், இரண்டு பங்காளிகள். கரை மறைவதற்குள் வாந்தி தொடங்கியது. முதலில் பழைய சோறு, பிறகு மஞ்சள் தண்ணீர், பிறகு வெறும் ஓங்கரிப்பு. வலையை இன்னும் இறக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் வள்ளத்தின் அடியில் சுருண்டுகிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காத்தவராயன் வள்ளத்தைத் திருப்பினார். ஐந்து பேரின் ஒரு நாள் பாடு போயிற்று. ஒரு பங்காளி கரை வரும்வரை வாய் ஓயவில்லையாம்: "காத்தானுக்கு இன்னைக்கு நல்லா பட்டுச்சுடா, ஒரு மீனு, அதுவும் வாந்தி எடுக்குற மீனு."

கரையில் இறக்கிவிட்டு அப்பா சொன்னது இரண்டு சொல். "இவன் கரைக்கு."

அதன்பின் அவரைக் கடலுக்கு யாரும் கூப்பிடவில்லை. காலையில் அம்மாவோடு மீன் பிரித்து, தரம் பார்த்து, வெட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார். அண்ணன் கடலுக்குப் போனார். ஒருவர் போனால்தான் இன்னொருவர் படிக்க முடியும் என்ற நிலை. அந்தக் கணக்கை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிறகு கல்லூரி, வேலை, பெங்களூரு. கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில், எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வராத ஊரைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார் என்று நான் கேலி செய்வதுண்டு.

இதெல்லாம் அவர் என்னிடம் ஒருமுறை மட்டும் சொன்னது. "யாழினிகிட்ட சொல்லிடலாமே" என்றேன். "கொஞ்சம் பெரியவளாகட்டும்" என்றார். அவள் பெரியவளானாள். கதையும் கூடவே பெரிதானது.

4

யாழினிக்கு இப்போது பதினேழு வயது. தமிழ் பேசுவாள், படிக்க வராது. பள்ளியில் கன்னடமும் இந்தியும் படித்தாள். நான் திருத்தினால், "அம்மா, சும்னெ இரு" என்று கன்னடத்தில் அடக்குவாள். அடுத்த மாதம் படிப்பதற்குப் புனே போகிறாள். போவதற்கு முன் மூவரும் ஒரு கடற்கரைக்குப் போக வேண்டும் என்றாள். அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளும் அப்போதுதான் வந்தது. லங்காவிக்குப் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், விடுதியில் காலைச் சாப்பாட்டின்போது கைபேசியை நீட்டினாள்.

"அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே அப்பா. நாளைக்கு நாம ஃபிஷிங் போறோம். நடுக்கடல்ல. ஃபுல் டே. நீ சொல்லிக்கிட்டே இருப்பல்ல, இப்ப எனக்குக் காட்டு."

குமரவேல் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை எனக்குத் தெரியும். வீட்டு வாடகை ஏறும்போது அணிவது.

அன்று மாலை நான் அறையில் மாத்திரை அட்டையை எடுத்தேன். ஜோகுபாளையம் மருந்துக் கடையில், விமானத்தில் காது அடைப்பதற்கென்று கேட்டபோது கடைக்காரர் கூடவே வாந்தி மாத்திரையும் கொடுத்திருந்தார். "கிளம்புறதுக்கு அரை மணி முன்னாடி போட்டுக்கோங்க. இல்லன்னா அவகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"பன்னெண்டு வருஷம் கழிச்சா? ஊரை விட்டுப் போற நேரத்துலயா?" என்றார். "அவ இங்கேருந்து எடுத்துட்டுப் போறது அந்த ஒரு கதைதான்."

மறுநாள் படகுத்துறையில் எங்களை வரவேற்றவர் தேவா. பயணத்தை ஏற்பாடு செய்தவர், அங்கேயே பிறந்த தமிழர். "வாங்க அண்ணே, வாங்கக்கா, பசியாறியாச்சா?" என்றார். படகோட்டி ஒரு மலாய்க்காரர், பாக் மாட் என்று கூப்பிட்டார்கள். தேவா எல்லோருக்கும் ஆளுக்கொரு மாத்திரை நீட்டினார். "இத போட்டுக்குங்க. கடல் இன்னைக்குக் கொஞ்சம் ஆடும்."

"எங்கப்பாவுக்கு வேணாம் அங்கிள். அவர் ஃபிஷர்மேன்" என்றாள் யாழினி.

"அப்படியா? கடல்காரரா? அப்ப நான்தான் உங்ககிட்ட கத்துக்கணும்!"

என் கைப்பையில் இருந்த மாத்திரை பையிலேயே இருந்தது. மகள் அவரைவிட்டு ஓரடி நகரவில்லை. நான் கண்ணால் கேட்டேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். கடல்காரர் என்று சொல்லிவிட்ட பிறகு, அத்தனை பேர் பார்க்க வாந்தி மாத்திரை போட அந்தக் குப்பத்து ஆண் யாராலும் முடியாது என்பதை நான் அங்கே புரிந்துகொண்டேன்.

5

படகில் எங்களோடு ஒரு தம்பதி வந்தார்கள். அமர்ந்த உடனேயே அந்தப் பெண், "நீவு பெங்களூரா? யாவ ஏரியா?" என்றார், பெங்களூரில் எந்தப் பகுதி என்று. எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. யாழினி என்னை அடக்கியதைக் கேட்டிருக்கலாம். அவர் பெயர் சுமா, கணவர் ரமேஷ், பசவனகுடி. சுத்த சைவம். மீன் பிடிக்க ஆசை, தின்பதில்லை. பிடித்ததை எங்களுக்கே தந்துவிடுவதாகச் சொன்னார்கள். யாழினி கன்னடத்தில் திருக்கைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ரமேஷ் எழுந்து வந்து குமரவேலின் கையைக் குலுக்கினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். குமரவேல் பார்வையைத் தொலைவில் வைத்திருந்தார். அடிவானத்தைப் பார்த்தால் குமட்டாது என்று அவருக்கு அண்ணன் சொல்லிக் கொடுத்தது.

படகு ஓடும்வரை பிரச்சினை இல்லை. பாறைத்திட்டுக்கு மேலே வந்து பாக் மாட் இன்ஜினை அணைத்தார். அப்போதுதான் கடல் தன் வேலையைத் தொடங்கியது. படகு முன்னும் பின்னுமாக அல்ல, பக்கவாட்டில் ஆடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடுவே ஒரு சின்ன நிறுத்தம், டீசல் வாடை. ஐந்து நிமிடத்தில் குமரவேலின் முகம் சாம்பலாயிற்று. அவர் தூண்டில் கம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து தேவா சிரித்தார்: "என்னா அண்ணே, கம்பு புதுசா?"

"எங்க ஊர்ல கையிலதான் பிடிப்பாங்க. கம்பு கிடையாது" என்று யாழினி விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னாள்.

அந்த நேரம் அவளுடைய கம்பு வளைந்தது. சுருளிலிருந்து நூல் கிறீச்சென்று ஓடியது. "அப்பா! அப்பா, பெருசு! நீ பிடி, நீ வா!" என்று கத்திக்கொண்டே கம்பை அவர் கையில் திணித்தாள்.

அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு சுற்றுச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் கம்பை விடாமலே படகுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார்.

தேவா பாய்ந்துவந்து கம்பை வாங்கினார். சுமா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குமரவேல் மறுபடியும் வாந்தி எடுத்தார். பிறகு படகின் தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

இதற்குப் பின் நடந்ததைத்தான் நான் வரிசை மாறாமல் எழுத விரும்புகிறேன். ஏனென்றால் அங்கே இருந்த ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு வழி திறந்துவிட்டார்கள்.

முதலில் தேவா. "விடுதிச் சாப்பாடு அண்ணே. அந்தச் சம்பல் காரம் சிலருக்கு ஒத்துக்காது."

பிறகு ரமேஷ். "ஹௌது சார், ஹோட்டல் ஊட்டா." ஆமாம், ஓட்டல் சாப்பாடுதான் என்றார்.

பிறகு யாழினி. முகம் வெளுத்திருந்தது. "ஃபுட் பாய்சனாப்பா? நேத்து அந்த நண்டு?" என்றாள். அப்படி இருக்க வேண்டும் என்று கெஞ்சும் குரல்.

தலையை ஆட்டியிருந்தால் போதும். நானே ஆட்டியிருப்பேன்.

"சாப்பாடு இல்லம்மா" என்றார் குமரவேல். "எனக்குக் கடல் ஒத்துக்காது. சின்ன வயசுலேர்ந்தே."

"அப்ப நீ கடலுக்குப் போனது?"

"ஒரே நாள். அன்னைக்கும் இப்படித்தான். தாத்தா வள்ளத்தைத் திருப்பிட்டாரு."

"திருக்கை?"

"அது பெரியப்பா. அவர் கதையை நான் சொன்னேன்."

யாழினி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியும் என்பது அவளுக்கு அந்தப் பார்வையிலேயே விளங்கிவிட்டது. எழுந்து படகின் மறுமுனைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

தேவா என்னிடம் குனிந்தார். "அக்கா, பாக் மாட்கிட்ட சொல்லித் திருப்பிடவா? கரைக்கு முக்கால் மணி நேரம்." சுமாவும் உடனே, "வாபஸ் ஹோகோணா, பர்வாகில்லா" என்றார். திரும்பிவிடலாம், பரவாயில்லை என்று. அவர்கள் ஓராண்டாக இந்த ஒரு நாளுக்குக் காத்திருந்தவர்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காக அதை விட்டுக்கொடுக்க அவருக்கு யோசிக்கக்கூட நேரம் தேவைப்படவில்லை. ஊரில் எங்களிடம் கேட்பார்களே, அந்நிய ஊரில் எப்படி இருக்கிறீர்கள் என்று. இப்படித்தான் இருக்கிறோம். இத்தகைய மனிதர்கள் நடுவில்.

குமரவேல் கையை உயர்த்தினார். "பேடா ரீ. நீவு மீன் ஹிடீரி." வேண்டாம், நீங்கள் மீன் பிடியுங்கள். பிறகு தமிழில், தேவாவிடம்: "திருப்பாதீங்க தம்பி. எனக்காக ஒரு தடவை திருப்புனது போதும்."

அப்படியே படுத்துவிட்டார். நான்கு மணி நேரம். நான் ஈரத்துண்டை மாற்றிக்கொண்டிருந்தேன். சுமா புளிப்பு மிட்டாய் ஒன்றைப் பிரித்து அவர் வாயில் வைக்கச் சொல்லி, காட் ரோட்டு மலைப்பாதையில் தனக்கும் இதே கதிதான் என்றார். இரண்டாவது மணி நேரத்தில் அவர் முகத்தில் அடித்த வெயில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். யாழினி தன் தொப்பியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "உன் கையில அந்தத் தழும்பு?"

கண்ணைத் திறக்காமல் சொன்னார். "அரிவாள்மனை. சங்கரா மீன் வெட்டும்போது."

"ஒரு அரிவாள்மனைக்கா நான் அத்தனை தடவை முத்தம் குடுத்தேன்?"

"சங்கரா வழுக்கும்மா" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் தொப்பியும் நகரவில்லை.

6

கரை இறங்கியபோது பெட்டியில் ஒரு பெரிய களவாய், நான்கு சங்கரா, இரண்டு பாறை மீன். களவாய் யாழினியின் கம்பில் வந்தது. குமரவேல் படகுத்துறைக் கட்டையில் உட்கார்ந்து, தரை ஆடுவது நிற்கக் காத்திருந்தார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நாம் கொண்டுபோகும் மீனைச் சமைத்துத் தருவார்கள். கடைக்காரர் வெட்டத் தொடங்கினார். இரண்டாவது வெட்டிலேயே குமரவேல் எழுந்துபோய், "குடுங்க" என்று கத்தியை வாங்கிக்கொண்டார்.

இருபது ஆண்டாக எங்கள் வீட்டு சிங்க்கில் ஞாயிறுதோறும் பார்ப்பதுதான். ஆனால் யாழினி அப்போதெல்லாம் தன் அறையில் இருப்பாள். செதில் ஒரு பக்கமாகப் பறந்தது. செவுளை ஒரே இழுப்பில் எடுத்தார். களவாயின் தலையைக் குழம்புக்குப் பிளந்தார், நடுத்துண்டுகளை வறுவலுக்கு ஒரே கனத்தில் போட்டார், குடலைத் தனியே ஒதுக்கினார். "இது நேத்து நண்டு தின்னிருக்கு" என்று வயிற்றைப் பிரித்து மகளுக்குக் காட்டினார். பாக் மாட் சிகரெட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். மலாயில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் யாழினி.

"இவர் எத்தன வருசமா இத செய்யுறாருன்னு கேக்குறாரு" என்றார் தேவா.

யாழினி அப்பாவைப் பார்த்தாள். அவர் கத்தியைக் கழுவியபடி, "பதிமூணு வயசுலேர்ந்து" என்றார். இந்த முறை அது அவருடைய சொந்தக் கதை.

குழம்பு என் தூளில் வைத்தது. சுங்க அதிகாரி தும்மியது வீண் போகவில்லை. சுமாவும் ரமேஷும் பக்கத்து மேசையில் வெறும் சோறும் கீரையும் சாப்பிட்டபடி எங்கள் களவாயைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

7

சாப்பிட்டு முடிக்கும்போது ஊரிலிருந்து மச்சான் வீடியோவில் கூப்பிட்டார். தம்பிக்குப் பிறந்தநாள் என்று அவர் மனைவி நினைவுபடுத்தியிருக்கிறார். பின்னால் நீலச் சாயம் அடித்த ஃபைபர் படகின் மூக்கு தெரிந்தது.

"என்னடா, கடலுக்குப் போனியாமே? யாழினி முந்தாநாளே மெசேஜ் போட்டா. நான் பயந்துக்கிட்டே கெடந்தேன். மீனு பட்டுச்சா?"

"பட்டுச்சுண்ணே. யாழினிதான் பிடிச்சா. களவாய்."

"நீ?"

"நான் படுத்திருந்தேன்."

மச்சான் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார். பிறகு மெதுவாக, "புள்ள பக்கத்துல இருக்கா?" என்றார்.

யாழினி கைபேசியை வாங்கினாள். "பெரியப்பா, ஒண்ணு கேக்குறேன். அந்தத் திருக்கைய யார் பிடிச்சா?"

கொஞ்சமும் தயங்கவில்லை மனிதர். "யாரு, உங்கப்பன்தான். நான் பின்னால சும்மா..."

"பெரியப்பா. அப்பா சொல்லிட்டாரு."

அவர் வாய் பாதி திறந்தபடி நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பின்னால் ஒரு காக்கை படகின் மீது வந்து உட்கார்ந்ததால் அறுபடவில்லை என்று தெரிந்தது.

"அவனே சொன்னானா?"

"ஆமா. போட்டைத் திருப்பட்டுமான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டாரு. நாலு மணி நேரம் அப்படியே கெடந்தாரு."

"திருப்பலயா?" என்றார் மச்சான். "திருப்பலயாடா குமாரு?"

"திருப்பலண்ணே."

மச்சான் முகத்தைத் திரையை விட்டு நகர்த்திக்கொண்டார். வெறும் வானம் தெரிந்தது. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. மறுபடி முகம் வந்தபோது கேள்வியைத் தம்பியிடம் கேட்கவில்லை, யாழினியிடம்தான் கேட்டார். ஐம்பத்து நான்கு வயது ஆள், தின்பண்டத்துக்கு அனுமதி கேட்பது போல.

"அப்ப கண்ணு, இனிமே அத நான் சொல்லலாமா?"

யாழினி குமரவேலைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து இலையை மடித்துக்கொண்டிருந்தார். "சொல்லுண்ணே" என்றார். "நானும் முழுசாக் கேட்டதில்ல."

மச்சான் இடது கையைத் தூக்கினார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து உள்ளங்கையைக் கேமராவுக்கு அருகே கொண்டுவந்தார். கட்டைவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல் வரை அந்தத் தழும்பு திரையை நிறைத்தது.

"இங்கேருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார்.